வைட்டிலா சர்வரும் ஹாஜராவின் கெட்டிலும்

இரண்டு சர்வர் எதற்கு என்று சுதர்ஷனிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் மணக்கும் ஒரு கிடங்கின் மாடியில் இருந்த சின்ன இன்டர்நெட் கம்பெனிக்கு அவன் ஒருவன்தான் என்ஜினீயர். எந்தக் கடையில், எந்தக் கிளினிக்கில் லைன் போனாலும் அவன் திரையில் ஒரு பச்சைப் புள்ளி சிவப்பாகும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். அந்தப் பட்டியலை வைத்திருக்கும் சர்வர் ஒன்று மாடியில், அதே போல இன்னொன்று வைட்டிலா கிளையில். இங்கே எழுதியது மறுநொடி அங்கேயும் எழுதப்படும். இது படுத்தால் அது எழுந்து வேலை செய்யும். இதற்கு அண்ணன், அதற்குத் தம்பி என்று பெயர் வைத்து லட்டு கொடுத்தவனும் அவன்தான்.

அன்று நான்கு மணிக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அவர்களுடைய ஒன்பது கிளைகளின் லைன்களை இந்தக் கம்பெனியிடம் விடலாமா என்று பார்க்க. முதலாளி ரஃபீனா காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"சுதர்ஷன், இது கிட்டலைன்னா என்ஜினீயர்னு ஒரு ஆளை வெச்சு நடத்த என்னால முடியாது, கேட்டோ."

வருகிறவர்கள் கண்ணுக்குத் திரை சுத்தமாக இருக்கட்டும் என்று, பிராட்வேயில் மூடிப்போன கடைகளின் பதினொரு புள்ளிகளை அழிக்க உட்கார்ந்தான். 'பிராட்வே மட்டும்' என்கிற வரியை எழுதாமலே பொத்தானைத் தட்டினான். பதினான்கு வருட அனுபவம் இருந்தால்தான் இப்படிச் செய்ய முடியும். புதிதாகச் சேர்ந்தவன் பயத்தில் இரண்டு தடவை படித்துப் பார்த்திருப்பான்.

திரை சுத்தமாயிற்று. ஒரு புள்ளி கூட மிச்சமில்லை.

தம்பி இருக்கிறானே என்று ஒரு கணம் நிம்மதி. அப்புறம்தான் உறைத்தது. தம்பி அண்ணன் பேச்சைத் தட்டாதவன். அண்ணன் அழித்ததை மறுநொடி அவனும் அழித்திருப்பான். அந்த மறுநொடியைப் பற்றித்தானே நாலு வருடமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான். தனியாக ஒரு பிரதி எடுத்து வைக்கலாமா என்று ரஃபீனா கேட்டபோது, இரண்டு இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்று வாதாடி ஜெயித்தவனும் அவனே.

துக்கம் விசாரிக்கிற குரலில் வைட்டிலாவுக்குப் போன் போட்டான். கிளையைப் பார்த்துக்கொள்ளும் ஹாஜரா எடுத்தாள். அக்கா என்பதற்குப் பதிலாக அவன் அவளை இத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"இத்தா, அங்க சர்வர் திரையில என்ன தெரியுது?"

"எல்லாம் சிவப்பா இருக்கு. பத்து நாளா அப்பிடித்தான்."

"என்ன? புள்ளி இருக்கா?"

"நிறைய இருக்கு. நீதானே அந்தத் திரைப் பக்கம் போகாதீங்கன்னு சொன்னே? அதான் நான் ஒண்ணும் மிண்டல, யார்கிட்டயும் சொல்லல."

சிவப்பைப் பார்த்து அவன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. எதையும் எட்ட முடியாமல்தான் சிவப்பு. ஆனால் பட்டியல் அப்படியே இருக்கிறது.

"லைன் எப்பிடி இத்தா போச்சு?"

"சாயா போட ஒரு கெட்டில் வாங்கினேன். சொருக இடமில்ல. லைன் வர்ற அந்தக் குட்டிப் பெட்டியோட பிளக்கை உருவி வெச்சேன்."

லைன் அறுந்தால் அவன் போன் கூவும்படி அவனே செய்து வைத்திருந்தான். பாலக்காட்டில் தங்கை அம்முவின் கல்யாணத்தில், நாதஸ்வரத்துக்கு நடுவே கூவக் கூடாது என்று அதை அடக்கி, திரும்ப எழுப்ப மறந்தவனும் அவனே. அதுவும் பத்து நாளைக்கு முன்னால்தான்.

"தெரியாம செஞ்சுட்டேன் சுதர்ஷா. இதோ, இப்பவே திரும்பச் சொருகிடறேன்..."

"வேண்டாம்! தொடாதீங்க!"

கீழே கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சொருகினால் தம்பி ஓடிவந்து பத்து நாள் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதிக்கொள்வான், கடைசியில் அழித்ததையும் சேர்த்து.

"நான் வர்ற வரைக்கும் அங்கயே நில்லுங்க. யாரையும் விடாதீங்க."

"அப்போ என் சாயா?"

"எத்தனை வேணாலும் போடுங்க. கெட்டிலை மட்டும் கழட்டாதீங்க!"

ஸ்கூட்டரில் பறந்தான். கெட்டிலுக்குக் காவலாக நின்றிருந்த ஹாஜராவுக்குக் கும்பிடாத குறையாக நன்றி சொல்லி, பட்டியலைப் பிரதி எடுத்து வந்து, பத்து நாளில் சேர்ந்த ஏழு புது லைன்களைக் கையால் எழுதிச் சேர்த்தான். மூன்றரைக்குத் திரை பச்சையாயிற்று.

நான்கு மணிக்கு மருத்துவமனையின் என்ஜினீயர் ஜுமானா வந்தாள். அண்ணன் தம்பி கதையைப் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி. ஒண்ணுல அழிச்சா ரெண்டுலயும் போயிடும் அல்லே? அப்போ என்ன செய்வீங்க?"

ரஃபீனா பெருமையோடு அவனைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தம்பியை வேண்டுமென்றேதான் லைனிலிருந்து கழட்டி வைத்திருந்தோம் என்று நல்ல பொய் ஒன்று அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் கெட்டில் தன் திட்டம் என்றாகிவிடும். அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"இன்னிக்குக் காலையில அதுதான் நடந்தது" என்று ஆரம்பித்து, நாதஸ்வரம் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான்.

ரஃபீனாவின் முகம் வெளுத்தது. வேலை போயிற்று என்று அவன் முடிவு கட்டினான்.

"எங்களுக்கு இதுவரைக்கும் லைன் குடுத்த கம்பெனியிலயும் இதே கூத்து நடந்தது" என்றாள் ஜுமானா. "அவங்க சொல்லல. மூணு நாள் கழிச்சு நாங்களா கண்டுபிடிச்சோம்."

பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்தாள்.

"ஒரே ஒரு கண்டிஷன். தினமும் மூணாவதா ஒரு பிரதி எடுத்து, லைன்லேருந்து கழட்டி வைக்கணும். அதுக்கு யார் பொறுப்பு?"

சுதர்ஷன் பேனாவை வாங்கி, ஹாஜரா என்று எழுதினான். அதற்குக் கீழே, அவர் அனுமதியில்லாமல் எதையும் அழிக்கக் கூடாதவர் என்று ஒரு வரி சேர்த்து, தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டான்.