கடைசிக் கூண்டின் தண்ணீர்

மத்தியானம் ஒன்றே கால். கொட்டகையில் நாலாயிரம் கோழிகளும் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. நேற்று இதே வெயிலில் அறுபது செத்து விழுந்திருந்தன. இன்று மின்சாரமும் இல்லை. நாலு மணிக்குத்தான் வரும். அதுவரை போர் மோட்டார் ஓடாது.

இருப்பது ஆயிரம் லிட்டர் தொட்டித் தண்ணீர்தான். அதில் இருபத்தைந்து கிலோ ஐஸ் கட்டி நாலைப் போட்டுக் கரைத்திருந்தான் குமரகுரு. தடுப்பூசிப் பெட்டியில் இருந்த தெர்மாமீட்டரைக் கயிறு கட்டி உள்ளே இறக்கினான்.

"முப்பத்தொன்பது இருந்துச்சு. இப்ப இருபத்தெட்டு!" என்று ஏணி மேலிருந்து கத்தினான். "இனி உன்ர கோழிங்க ஸ்வெட்டர் கேக்கும் பாரு."

அவன் மனைவி இலக்கியா சிரிக்கவில்லை. கொட்டகையின் கடைசியில் நின்றிருந்தாள். கோழிகள் குடிகுழாயை ஒரு தடவை கொத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவள் கண்ணெதிரே ஒன்று கழுத்தைத் தொங்கப்போட்டது.

"ஏனுங்க! இதுங்க குடிக்கவே மாட்டேங்குதுங்க!"

"இன்னும் ரெண்டு கட்டி போட்டாப் போச்சு."

"மொதல்ல அந்தத் தெர்மாமீட்டரைக் கொண்டாங்க."

குழாயின் கடைசி வால்வைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து, அதில் முக்கினாள். முப்பத்தெட்டு.

"கெட்டுப்போச்சா இது?" குமரகுரு ஓடிப்போய்த் தொட்டியில் மறுபடி பார்த்தான். அங்கே அதே இருபத்தெட்டு.

இலக்கியா குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். வரிசைக்கு ஒன்றாக நாலு குழாய், ஒவ்வொன்றும் முந்நூறு அடி, அனல் காற்றில் கிடந்தன. கோழி குடித்தால்தான் உள்ளே தண்ணீர் நகரும். சுடுவதால் கோழி குடிக்கவில்லை. குடிக்காததால் தண்ணீர் நின்று இன்னும் சுட்டது.

"நாலு குழாயையும் தொறந்து உட்டுரலாமுங்க."

"தொட்டி காலியாச்சுன்னா? நாலு மணி வரைக்கும் என்ன பண்றது?"

"புடிச்சு மறுபடி தொட்டியிலயே ஊத்தலாம்."

"சுடுதண்ணியவா? அப்பறம் ஐஸ் எதுக்குப் போட்டோம்?"

"குழாய்ங்கள்ல நிக்கிறது மொத்தமே நூத்தம்பது லிட்டர்தானுங்க. ஊத்துனா தொட்டி ஒண்ணரை டிகிரி ஏறும். ஏறட்டும்."

"கணக்கு தப்புனா?"

"தப்புனா ஊரெல்லாம் சொல்லிச் சிரிங்க. இப்பத் தொறங்க!"

திறந்தான். அவள் பிடித்த வாளிகளை அவன் தூக்கிக்கொண்டு ஏணி ஏறினான். மூன்று வாளி போயிற்று. முப்பத்தேழு. அதற்குள் இன்னும் இரண்டு கோழிகள் சாய்ந்தன. ஏழாவது வாளி. முப்பத்தாறுதான். குழாயே சூடேறிக் கிடந்தது. வருகிற குளிர்ச்சியை எல்லாம் அதுவே தின்றது.

"வேண்டாம் புள்ள, மூடிரலாம்." குமரகுருவுக்கு மூச்சிரைத்தது.

"இன்னொரு அஞ்சு வாளிங்க. கும்புடறேன்."

முப்பத்துநாலு. முப்பத்திரண்டு. பன்னிரண்டாவது வாளியில் முப்பது. வால்வை மூடினாள்.

ஒரு கோழி கொத்தியது. நின்றது. மறுபடி கொத்தியது. பக்கத்துக் கூண்டிலும் டிக் டிக் என்று சத்தம் கேட்டது.

இலக்கியா தெர்மாமீட்டரை விடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்தாள். முப்பத்தொன்று.

"ஏறுதா?" ஏணியில் பாதியில் நின்று கேட்டான் குமரகுரு.

இன்னும் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி பார்த்தாள். அதே முப்பத்தொன்று. வரிசை முழுக்கக் கோழிகள் குடித்துக்கொண்டிருந்தன. அவை குடிப்பதே குழாயில் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏறாம நிக்குதுங்க," என்றாள். "வாளியை வெச்சுட்டுக் கொஞ்சம் உக்காருங்க."