பயணச் செலவில் கூட வந்தவள்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒருவர், மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தபடி, லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருத்தியிடம் கேட்டார்: "உன் வேலை எங்கம்மா தொடங்குது?"

அவருக்கு அது தினமும் கேட்கிற கேள்வி. பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் தங்கைக்கோ தரை ஒரு சாண் கீழே இறங்கி நின்றது போலிருந்தது. இவ்வளவு பெரிய கேள்வியை மின்விசிறி கிறீச்சிடும் இவ்வளவு சின்ன அறையில் கேட்கலாமா?

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அக்கா ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருந்தாள். ஒருநாள், 'இனி நீ எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரி' என்று சொல்லிவிட்டார்கள். லிஃப்டுகள் அதே லிஃப்டுகள். வண்டி மட்டும் இனி அவளுடையது, பெட்ரோலும் அவளுடையது, ஆகவே"

அங்கே நின்றுவிட்டது. சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் உயிர் இல்லை. இருந்தாலும் அதை அடித்து நீக்கவில்லை; அந்த விவரம் உங்களுக்கு வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்: "இந்த நொடியில் நகரத்தில் எத்தனையோ பேர் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது. ஒருவர் கையில் காய்கறிப் பை. ஒருத்தி கண்ணாடியில் பொட்டைச் சரி செய்கிறாள். யாரோ ஒருத்தி திருகி விட்ட திருகாணியை நம்பி, பெயர் தெரியாத அவளை நம்பி"

இதையும் முடிக்கவில்லை. முடிக்கக் கூடியதாக அது தோன்றவில்லை.

2

தங்கை என்று ஒரு பாத்திரம் இந்தக் கதைக்குத் தேவையா? பலமுறை யோசித்தேன். பத்தொன்பது வயது. பள்ளியைப் பாதியில் விட்டவள். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், குரல் எழாது. பிறகு ஒருநாள் அவளே பள்ளிக்குக் கிளம்பவில்லை. [இங்கே அழுகை எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. எடுத்துவிட்டேன்.]

அவளை "நான்" என்று எழுதிப் பார்த்தேன். பேனா நகர மறுத்தது. "தங்கை" என்றதும் ஓடுகிறது. அப்படியே இருக்கட்டும்.

"வீட்ல சுவத்தப் பாத்துக்கிட்டு கெடக்குறதுக்கு அக்கா கூடப் போயிட்டு வா. காத்தாவது படும்" என்று அம்மாதான் வண்டியில் ஏற்றிவிட்டாள். பக்கத்து வீட்டில் கேட்டால், "அதுவா? சும்மா கூடப் போவுது" என்பாள்.

அந்தச் "சும்மா" முக்கியம். வரி விஷயத்திலும் முக்கியம். போகப் போகத் தெரியும்.

3

அக்கா பார்த்துக்கொள்ளும் லிஃப்டுகளில் எல்லாம், பொத்தான்களுக்கு மேலே அவள் எண் ஒட்டியிருக்கும். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் நேரே அவளுக்குத்தான் அழைப்பு. எந்த மாடி என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும் என்பது நிறுவனம் சொல்லிக் கொடுத்த முறை. அக்கா வைக்க மாட்டாள். வீட்டிலிருந்து அந்தக் கட்டடம் வரை வண்டியின் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே போவாள்.

"மேடம், இன்னும் எவ்வளவு நேரம்?"

"வந்துக்கிட்டே இருக்கேன் சார். கீழ உக்காருங்க. செருப்பக் கழட்டிடுங்க."

"செருப்பா? அது எதுக்கு?"

"வீட்ல இருக்கற மாதிரி இருக்கும் சார்."

செருப்பு கழலும் சத்தம். பிறகு, "ஆமாம்மா, இருக்கு" என்று ஆச்சரியத்தோடு ஒரு குரல் வரும்.*

* செருப்பில் என்ன இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாது. ஆனா பயந்தவன் செருப்போடதான் நிப்பான்" என்றாள்.

ஒருநாள் பாலத்தடியில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. அக்கா வண்டியை விட்டு இறங்கினாள். "நீ பேசிக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டு லாரிக்காரரோடு மல்லுக்கு நிற்கப் போய்விட்டாள். ஸ்பீக்கரில் ஒரு பெரிய மனிதரின் குரல், குழந்தைக் குரல் போல நடுங்கியது.

"ஹலோ? இருட்டா இருக்குங்க. யாராவது இருக்கீங்களா?"

தங்கையின் தொண்டை பழைய வகுப்பறைக்குப் போய்விட்டது.

"யாராவது..."

"இருக்கேன்" என்றாள் தங்கை.

அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னாள். "இங்க ஒரு பாலம். தூண்ல யாரோ மஞ்சள் பெயின்ட்ல மீன் வரைஞ்சிருக்காங்க. அதுக்குக் கால் இருக்கு."

"மீனுக்கா?"

"ரெண்டு. ஷூ போட்டிருக்கு."

அவர் சிரித்துவிட்டார். லாரி நகர்ந்தது. அக்கா ஏறி உட்கார்ந்தாள், போனை வாங்கவில்லை. தங்கை சொல்லிக்கொண்டே வந்தாள்: துணி காயும் மாடி, கையில் ஏணியோடு சைக்கிள் ஓட்டுபவன், சிக்னலில் கொட்டாவி விடும் போலீஸ்காரர். தெரு முழுவதும் ஒரு சின்னப் போன் வழியாக அந்த இருட்டுப் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்ததும் அந்த மனிதர் செருப்பைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். முதலில் அக்காவைப் பார்க்கவில்லை. "மீன் சொன்ன பொண்ணு யாரு?" என்றார்.

தங்கை கட்டடத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அக்கா ஓட்டுவாள், தங்கை பேசுவாள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொண்டதல்ல.

[இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். தெருவுக்கு இப்படி ஒரு உபயோகம் உண்டென்று யார் நினைத்தது?]

4

மறுபடி கணக்கு எழுதுபவரின் அறை. அவருக்கு "ஆனா மாமா" என்று பட்டப்பெயர். "ஆனா" இல்லாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார்.

"வீட்லேருந்து வேலை எடத்துக்குப் போறது அவங்கவங்க சொந்தப் பாடு. அது செலவுக் கணக்குல ஏறாது. ஆனா ஒரு வேலை எடத்துலேருந்து இன்னொரு வேலை எடத்துக்குப் போனா ஏறும்."

"மாமா, போன் வீட்லதான் அடிக்குது. சாமானெல்லாம் பின்னறையில. வண்டில ஏறும்போதே வேலை தொடங்கிடுதே?"

"வீடே வேலை எடம்னு சொல்லலாம். ஆனா பயணம் முழுக்க வேலைக்காகத்தான்னு கையெழுத்துப் போடணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு தங்கையைப் பார்த்தார். "இது எதுக்கு வண்டில வருது? உங்கம்மா சும்மா கூடப் போகுதுன்னாங்களே. அப்ப அது குடும்பப் பயணம். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைக்கக் கூடாதும்மா."

அக்கா கையைப் பிசைந்தாள். பெட்ரோல் கணக்கில் ஏறாவிட்டால் வரி கூடும், வண்டியை விற்க வேண்டும். பிறகு பஸ்தான். நெரிசலில், நாலு பேர் முகத்துக்கு முன்னால், தங்கையின் குரல் எழாது. அந்த "இருக்கேன்" அதோடு போச்சு.

"இவ என் ஆளு மாமா" என்றாள் அக்கா. "வேலைக்குத்தான் வர்றா."

"எழுதிடலாம். ஆனா அதிகாரி கூப்பிட்டா இவளேதான் வாயத் தொறந்து சொல்லணும். நீ சொன்னா செல்லாது." பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப நான்தான் அதிகாரி. சொல்லும்மா. நீ எதுக்கு அந்த வண்டில போற?"

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: தங்கை எழுந்து கணீரென்று பேசுகிறாள். ஆனா மாமா வாயடைத்துப் போகிறார். [பச்சைப் பொய். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.]

இரண்டு: அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். அக்கா "விடுங்க மாமா" என்கிறாள். அடுத்த வாரம் வண்டியை யாரோ ஓட்டிப் போகிறார்கள். [நடக்கக் கூடியதுதான். அதனாலேயே பாதியில் நிறுத்தினேன்.]

மூன்று: அந்தக் கணம் பார்த்து அக்காவின் பையில் போன் அடிக்கிறது. தங்கை எடுத்து, "இருக்கேன்" என்கிறாள். [அழகுதான். ஆனால் அன்று போன் அடிக்கவில்லை. நகரம் முழுக்க எல்லா லிஃப்டுகளும் ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அது அக்காவின் கைவண்ணம். கதைக்குத்தான் நஷ்டம்.]

ஆகவே அவள் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறாள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. செருப்பை மட்டும் மெல்லக் கழற்றிவிட்டாள், தரை சில்லென்றிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது.

இனி என் கையில் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். நீங்கள் நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். விளக்கு அணைந்துவிட்டது. "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கிறீர்கள். எங்கோ தெருவில் ஒரு வண்டி உங்களை நோக்கித் திரும்புகிறது, ஒரு குரல் உங்களிடம் மீனுக்கு ஷூ இருக்கிறது என்கிறது.

இப்போது ஆனா மாமாவிடம் நீங்களே சொல்லுங்கள். அவள் சும்மா