எதிரே வந்தவள்

ஓட்டுப் போடப் புறப்பட்ட கன்னையா, வலது காலை வாசற்படிக்கு வெளியே நீட்டியவர், அப்படியே நின்றுவிட்டார். கேட்டைத் திறந்துகொண்டு எதிரே வந்தவள் சீதாலெட்சுமி, இறந்துபோன அவருடைய தம்பியின் மனைவி. கையில் ஐசி அடையாள அட்டை, தோளில் துணிப்பை, நெற்றியில் ஒன்றுமில்லை. வரிசை நீள்வதற்குள் ஓட்டுப் போட்டுவிடலாம் என்று விடிந்ததும் கிளம்பியவள், மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்திருந்தாள்.

கன்னையா நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தங்கமணி, அத உள்ள போகச் சொல்லு."

தம்பி மனைவியிடம் அவர் நேராகப் பேசுவதில்லை. எது சொல்வதானாலும் மனைவி தங்கமணி வழியாகத்தான். பந்திங் சாலையில் லோரி மோதித் தம்பி போனதிலிருந்து இந்த ஏற்பாடு. சீதாலெட்சுமி கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துச் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்போது மட்டும் அவள் எதிரே வருவதில் தோஷம் எதுவும் இருந்ததில்லை.

கன்னையா முறைப்படி திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் வந்தது. குடித்தார். கண்ணை மூடிக் கெட்ட சகுனம் கழியும்வரை காத்திருந்தார். கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்புக்கு அவர்தான் ஆளுங்கட்சியின் கிளைத் தலைவர். அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நாட்டின் எதிர்காலம் வெளியே காரில் காத்திருந்தது. கேட்டில் தொங்கிய பெயர்ப்பலகையில் 'கன்னையா' என்பதற்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். டத்தோ பட்டம் வந்தால் பலகையை மாற்ற வேண்டியதில்லை, எழுதிக்கொள்ளலாம்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் தங்கமணி தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவரு காரு முனை திரும்பட்டும், அப்புறம் போ. நிச்சயத்தன்னிக்கும் இப்படி முன்னால வந்து நிக்காத. தட்டு நாங்க மாத்திக்கிறோம். நீ அடுப்பப் பாத்துக்க."

"என் மகளுக்குத்தானேக்கா நிச்சயம்?"

"அதனாலதான் சொல்றேன். விஷ்ணுப்ரியா நல்லா இருக்க வேணாமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த தாய் யாரும் இதுவரை பிறக்கவில்லை. சீதாலெட்சுமி கார் முனை திரும்பும்வரை நின்றாள்.

அவள் பள்ளிக்கூடத்தை அடைந்தபோது வரிசை திடல்வரை வந்திருந்தது. வெயிலில் நின்று உள்ளே போனதும், மேசைக்குப் பின்னாலிருந்த மலாய்ப் பெண் அவள் இடது ஆள்காட்டி விரலைப் பிடித்து மையில் தோய்த்தாள். புருஷன் இருக்கிறானா என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் வைத்த அதே மை. நெற்றிக்குக் கிடைக்காதது நகத்துக்குக் கிடைத்தது. வீடு வந்துசேரும்வரை சீதாலெட்சுமி அந்த விரலை அடிக்கடி பார்த்துக்கொண்டாள்.

கிள்ளானில் தோற்பது கன்னையாவுக்குப் பழகிப்போன விஷயம்; அதற்கென்று ஒரு முகம்கூட வைத்திருந்தார். ஆனால் இந்த முறை நாடே கைவிட்டுப் போயிற்று. சுதந்திரம் வாங்கிய நாளிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்த அரசாங்கம் ஒரே நாளில் கவிழ்ந்தது. அந்த முகம் இதற்குப் போதவில்லை.

கோப்பிக் கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வரி என்றார் ஒருவர், விலைவாசி என்றார் இன்னொருவர். கன்னையா எதையும் ஏற்கவில்லை. ஓட்டுப் போட்ட அன்று காலையில் தாம் புறப்படும்போது வீட்டில் 'அது' எதிரே வந்ததைச் சொன்னார். தண்ணீர் குடித்தும் தோஷம் போகவில்லை என்றார். கூட்டணித் தலைவர்களுக்கு இன்னும் புரியாதது தமக்குப் புரிந்துவிட்டது என்ற நிம்மதி அவர் குரலில் இருந்தது.

செய்தி தாமான் முழுக்கப் பரவ அன்று மாலைகூட ஆகவில்லை. எதிர்வீட்டு ஜெயராஜ் கிராப் டாக்சி ஓட்டுகிறவர், நெடுங்காலமாக எதிர்க்கட்சிக்காரர். ஒரு பொட்டலம் லட்டு வாங்கிக்கொண்டு கேட்டருகே வந்தார்.

"அக்கா, நாங்க அறுவது வருசமா தொண்டை கிழியக் கத்தியும் முடியல. நீங்க குடை எடுக்க வந்து முடிச்சிட்டீங்க லா."

பலரும் வந்து வேடிக்கை பேசினார்கள். குப்பை லோரி சரியாக வருவதில்லை, அக்கா ஒருநாள் அந்தக் குத்தகைக்காரன் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டு வந்தால் என்ன என்று ஒருத்தி கேட்டாள். சீதாலெட்சுமி சிரித்தாள். பிறகு, லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, யோசித்தாள்.

கன்னையாவும் சும்மா இருக்கவில்லை. கூடத்துச் சுவரிலிருந்த தலைவர் படம் இறங்கியது. படம் இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது; பிள்ளையார் காலண்டரை மாட்டிப் பார்த்தார், மறைக்கப் போதவில்லை. தாம் மனதளவில் எப்போதுமே மாற்றத்தின் பக்கம்தான் இருந்ததாக அவருக்கு மெதுவாக நினைவு வந்தது. வென்ற கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர் விஜயனை நிச்சயதார்த்தத்துக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். முதல்நாள் காலையில் நேரில் போய் ஒரு மாலை போட்டுவிட்டால் மற்றது தானாக நடக்கும்.

அந்தச் சனிக்கிழமை புதுச் சட்டையும் காலில் புதுச் சப்பாத்துமாக வாசலுக்கு வந்தார். கேட்டை மறித்தாற்போல் முக்காலி போட்டு உட்கார்ந்து, சீதாலெட்சுமி மறுநாள் விருந்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கமணி, அத…"

"எங்கிட்டயே சொல்லுங்க மாமா. இங்கதான இருக்கேன்."

கன்னையா வீட்டுப் பின்பக்கத்தை நினைத்துப் பார்த்தார். அங்கே சாக்கடைச் சந்து. சப்பாத்தைக் குனிந்து பார்த்துவிட்டு அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

"நாளைக்கு எம்மகளுக்குத் தட்ட நான்தான் கொடுப்பேன்" என்றாள் சீதாலெட்சுமி. குரல் உயரவில்லை.

"தங்கமணி, அதெல்லாம் சரிப்படாதுன்னு சொல்லு. ரவாங்லேருந்து வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

"சரி மாமா. அப்ப நான் இங்கேயே உக்காந்திருக்கேன். இன்னிக்கி விஜயனப் பாக்கப் போறீங்க. அடுத்த வாரம் இன்னொருத்தரப் பாக்கணும். நீங்க கிளம்புற நேரமெல்லாம் நான் எதிர வரேன். ஒரே ஒரு தடவ வந்ததுக்கே சர்க்காரு போச்சுன்னு நீங்கதான கடையில சொன்னீங்க?"

எதிரே கார் கழுவிக்கொண்டிருந்த ஜெயராஜ் தண்ணீர்க் குழாயை மூடினார். காது கேட்க வேண்டுமே.

"தங்கமணி, அது… சும்மா பேச்சுக்குச் சொன்னதுன்னு சொல்லு."

"சும்மாவா? அப்ப நான் தட்டு கொடுத்தாலும் ஒண்ணும் ஆகாதுல்ல?"

கன்னையா இரண்டு பக்கமும் பார்த்தார். ஆகும் என்றால் இவள் கேட்டை விட்டு எழப்போவதில்லை. ஆகாது என்றால் இத்தனை வருஷம் இவளை அடுப்படியில் நிறுத்தியது எதற்கு? கையிலிருந்த மாலை வேறு வாடிக்கொண்டிருந்தது.

"சரி, நீயே குடு" என்றார்.

தம்பி போன பிறகு அவளிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. சீதாலெட்சுமி முக்காலியை நகர்த்தி வழிவிட்டாள்.

நடந்ததை வீணாக்குகிறவர் அல்ல கன்னையா. மறுநாள் வாசலில் போட்ட கூடாரத்தில் ஒலிபெருக்கியை வாங்கி, மாற்றம் அவரவர் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்றும், அதைத் தாம் தொடங்கிவிட்டதாகவும் அறிவித்தார். சீதாலெட்சுமி தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் தாய் ஒரு கணம் தங்கமணியைத் தேடினாள், பிறகு வாங்கிக்கொண்டாள். குங்குமம் வைக்க விஷ்ணுப்ரியா தானாகவே அம்மாவிடம் நெற்றியைக் கொடுத்தாள். வானம் இடியவில்லை. மின்விசிறிகூட நிற்கவில்லை.

விஜயனுக்கு உணர்ச்சி பொங்கியது. புதிய ஆட்சியில் இனிச் சுமங்கலி, விதவை என்ற பேதமெல்லாம் குப்பைக்குப் போகும் என்று நீண்ட நேரம் பேசினார். சீதாலெட்சுமியைப் பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி, கன்னையாவைக் குனியச் சொல்லிக் காதோரம் பேசினார்.

"அண்ணே, இங்கேருந்து நேரா புத்ராஜெயா, பிரதமர் ஆபீஸு. பதவி விஷயம். காரு எடுக்கும்போது யாராச்சும் சுமங்கலியா எதிர வரச் சொல்லுங்களேன்."

அவருக்குத் தாம்பூலப் பை கொடுப்பதற்காகக் கன்னையாவின் பின்னால் வந்து நின்றிருந்தாள் சீதாலெட்சுமி. பையைக் கன்னையாவிடம் கொடுத்தாள். நிதானமாக நடந்து காரின் முன்னால் போய் நின்று கைகூப்பினாள்.

"போயிட்டு வாங்க தம்பி."

இயந்திரம் அணைந்தது. விஜயன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி இறங்கினார்.

"ரொம்ப வெயில் லா… கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டே போறேன்."

கன்னையாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் தங்கமணியைக் கூப்பிடுவதற்குள், சீதாலெட்சுமி தண்ணீரோடு வந்துவிட்டாள். வலது கையால் டம்ளரை நீட்டி, மரியாதைக்கு இடது கையை அடியில் கொடுத்திருந்தாள். ஆள்காட்டி விரல் நகத்தில் மை இன்னும் கறுப்பாகவே இருந்தது.

படம் எடுக்க வந்தவர் நல்ல காட்சி என்று கேமராவைத் தூக்கினார்.

விஜயன் சிரித்த முகத்தோடு, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.