ஞாயிற்றுக்கிழமையை யாரும் கேட்கவில்லை

1

இந்தக் கதை ஒரு பயிற்சி வகுப்பில், எரிச்சலில் பிறந்தது. பின்லாந்தில் குவோப்பியோ நகர மனநல வார்டில் நான் நர்ஸ். ஒரு நோயாளியின் பேட்டியைத் திரையில் காட்டி, இவர் தற்கொலை செய்துகொள்ளும் ஆபத்து எவ்வளவு என்று எங்களை மதிப்பிடச் சொன்னார்கள். நேற்று வந்த டாக்டரும் பழம் தின்று கொட்டை போட்டவரும் ஒரே அளவுக்குத்தான் தவறினார்கள். அனுபவசாலிகளுக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை. எனக்கும் வரவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பயம்.

2

முதல் வரி: 'ரெய்யோ சிரித்தபடியே வார்டுக்குள்...'

(வேண்டாம். சிரிக்கிறார் என்றதும் நீங்கள் உஷாராகிவிடுவீர்கள்.)

இன்னொன்று: 'மனைவி இறந்த பிறகு, ஏரிக்கரை வீட்டில் தனியாக...'

(அடடா, இப்போதே மனசுக்குள் மதிப்பெண் போட்டுவிட்டீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். ரெய்யோ படகு மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி உயிரோடு இல்லை. சாக வேண்டும்போல் இருக்கிறது என்று தானே வந்து சேர்ந்தார். இன்று அவரை வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

3

எங்கள் வார்டு டாக்டர், நர்ஸ்களில் கடைசியாக வந்து சேர்ந்தவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் பெரிய டாக்டருக்கே தாளம் போடுவோம். இன்று தலைமை டாக்டர் ஹில்க்கா முந்திக்கொண்டார்.

"சனிக்கிழமை என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். சவுனா அடுப்பை மூட்டணும், விறகு பிளந்து வச்சிருக்கேன்னாரு. சவுனாவ நினைக்கிற மனுஷன் சாகமாட்டாருப்பா. அனுப்பலாம்."

எல்லோரும் தலையாட்டினோம். ஆவி பறக்கும் அந்த மர அறையைச் சொன்னாலே எங்களுக்கு மனசு இளகிவிடும். வேறு நாட்டு டாக்டர் இப்படி உடனே தலையாட்டமாட்டார். பயிற்சி டாக்டர் ஓஸ்மோ மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"இல்ல டாக்டர்... மனைவி போனதுலேர்ந்து சவுனா பக்கமே போகலைன்னாரு."

"அப்ப நல்லதுதானே! ஆசை திரும்பியிருக்கு."

"இருக்கலாம். இல்லேன்னா, கடைசியா ஒரு தடவைன்னு..."

அவன் முடிக்கவில்லை. நானும் இந்த வாக்கியத்தை முடிக்கப்போவ—

4

முடிவு ஒன்று: ரெய்யோ பிழைத்திருக்கிறார். ஹில்க்கா மேதை.

முடிவு இரண்டு: இல்லை. ஓஸ்மோ ஞானி.

இரண்டுமே புளுகு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் இரண்டில் ஒன்று பலிக்கும். யாரை ஜெயிக்கவைக்க நினைக்கிறேனோ, அவர் சொன்னது சரியாகிவிடும். அதற்காக ஒரு மனிதரைக் கொல்லவா?

5

ரெய்யோ கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். டாக்சி வந்துவிட்டது. ஓஸ்மோவை நாற்காலியிலிருந்து எழுப்பி அவரிடம் அனுப்புகிறேன். (ஹில்க்கா திட்டினால் திட்டட்டும்.)

"சனிக்கிழமை சவுனாவுக்கு யாரு வர்றாங்க?"

"யாரு வருவா? நான்தான்."

"சரி, ஞாயித்துக்கிழமை?"

ரெய்யோ அவனையே பார்க்கிறார்.

"இத்தனை பேரு இத்தனை கேட்டீங்க. ஞாயித்துக்கிழமைய யாரும் கேக்கலையேப்பா."

கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றுகிறார். அதோடு கை நின்றுவிடுகிறது. வெளியே ஹாரன் அடிக்கிறது.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். டாக்சியைத் திருப்பி அனுப்பவா? கடைசியாக வந்தவர் முதலில் சொல்ல வேண்டும் என்றேனே, இந்த வார்டுக்குக் கடைசியாக வந்திருப்பவர் நீங்கள்தான். சொல்லுங்கள், அவர் நின்றுகொண்டிருக்கிறார்.