வெளிப்பூட்டு

“சாவியை மட்டும் அதுல போடாதீங்கம்மா,” என்றாள் காய்க்காரி. பெண்கள் சிறையின் வாசலறையில் அவளுடைய சுருக்குப்பை, வளையல், அணைத்த கைப்பேசி எல்லாம் பழுப்பு உறைக்குள் போய்க்கொண்டிருந்தன. வார்டர் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாவியையும் போட்டு அரக்கு வைத்தாள்.

நடைபாதையில் கூடை வைத்ததற்கு அபராதம். அதைக் கட்டாததற்கு இன்னொரு அபராதம். கையிலிருப்பதைக் கட்டிவிட்டு மீதிக்குத் தவணை கேட்கலாம் என்றுதான் காலையில் கோர்ட்டுக்குப் போனாள். முழுசாகக் கட்டு, இல்லையென்றால் பத்து நாள் உள்ளே இரு என்று சொல்லிவிட்டு நீதிபதி அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். கூடை தூக்கினால்தான் காசு. கூடைக்காரியை உள்ளே வைத்து எந்தக் கஜானாவை நிரப்பப் போகிறார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வீட்டில் கணவர் படுத்த படுக்கை. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிப்போன மனிதர். அவரால் எழுந்து தாழ் போட முடியாது என்பதால், எங்கே போனாலும் வெளியே பூட்டிவிட்டுத்தான் போவாள். பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோர்ட் என்று சொல்லக் கூசி, “சந்தை வரைக்கும் போயிட்டு வரேண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் கூச்சத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது இப்போது.

“சாவியை வீட்டு ஆளு யாராவது வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கட்டும்,” என்றாள் வார்டர் அம்மா.

“வீட்டு ஆளைத்தாம்மா உள்ள வச்சுப் பூட்டியிருக்கேன். அவரால எந்திரிக்க முடியாது.”

வார்டர் அம்மாவின் பேனா நின்றது. உறையைப் பார்த்தாள், அதிகாரியின் அறையைப் பார்த்தாள். பிறகு மேஜைத் தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினாள்.

“ஒரே ஒரு தடவை. சீக்கிரம் பேசு.”

காய்க்காரிக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே எண், அவருடையது. மணி நெடுநேரம் அடித்த பின் மூச்சும் குழறலும் கேட்டன.

“நான்தாங்க. வர நாளாகும் போல. பயப்படாதீங்க. தலைமாட்டுல தண்ணிச் சொம்பு இருக்கு பாருங்க, அதை எடுத்துச் சுவத்துல தட்டுங்க. தையக்கார அண்ணன் வந்து பூட்டை உடைப்பாரு. ஃபோனைக் கீழ வச்சிட்டுத் தட்டுங்க.”

முதலில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு டங்கென்று ஒன்று. சற்று விட்டு இன்னொன்று. சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரரின் மோட்டார் மிஷின் ஓடிக்கொண்டிருப்பதும் ஃபோனில் கேட்டது.

வார்டர் அம்மா ரிசீவருக்குக் கை நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம்மா,” என்றாள் காய்க்காரி, அதைக் காதோடு அழுத்திக்கொண்டு. அடுத்த தட்டல் மெதுவாக விழுந்தது. மிஷின் நிற்கவில்லை.