அரை நிமிடத் தாவல்

கடலைக் கட்டங்களாகப் பிரித்துவிட்டால் அது சொன்னபடி கேட்கும் என்று என்ஜினியர் துரை நம்பினார். கேட்க வைக்கும் வேலை, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஹபீப் முகம்மதுவுக்கு.

பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கும் நடுவே கிடந்த தண்ணீரைத் தாளில் நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் போட்டிருந்தார்கள். புயலடித்தால், கப்பலடையும் புதிய துறையான ஜெட்டியில் அலை எவ்வளவு ஏறும்? ஒவ்வொரு கட்டத்தின் நீர்மட்டத்தையும் பக்கத்துக் கட்டங்களை விசாரித்து எழுத வேண்டும். அரை நிமிடம் தாவி, மறுபடியும் விசாரித்து எழுத வேண்டும். கடலுக்கே சலித்துப்போகும்.

முடித்தால்தான் லீவு. லீவு கிடைத்தால்தான் நாளைக் காலை நாகப்பட்டினம் கப்பல். அதைப் பிடித்தால்தான் ஹபீபின் நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளை இருப்பான்.

ஆகவே அவன் ஒரு புத்திசாலித்தனம் செய்தான். அரை நிமிடத் தாவலை இரண்டு நிமிடமாக்கினான். வேலை கால்வாசியாகக் குறைந்தது.

முதல் தாளில் அலை சமர்த்தாக இருந்தது. அடுத்ததில் ஒரு கட்டம் மேடு, ஒரு கட்டம் பள்ளம், மறுபடி மேடு. மத்தியானத்துக்குள் அலை பினாங்கு மலையைத் தாண்டிவிட்டது.

பக்கத்து மேசை சிக்கந்தர் எட்டிப் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியே மலையையும் பார்த்தான்.

“மலை ரயில்ல போனவங்க நனைஞ்சிருப்பாங்களே அண்ணே!”

“கூட்டலெல்லாம் சரிடா. ரெண்டு தரம் பாத்துட்டேன்.” ஹபீப் பேனாவை வைத்தான். மேடு பள்ளமான கட்டங்களை விரலால் எண்ணினான். “தாவல்தான் தப்பு. ரெண்டு நிமிசத்துல அலை மூணு கட்டம் ஓடிருது. என் கணக்கு பக்கத்து வீட்டை மட்டுந்தான் விசாரிக்குது. மூணாவது வீட்டுலேர்ந்து வர்ற சேதி தெரியாம, வாய்க்கு வந்ததைச் சொல்லுது.”

“அப்ப கட்டத்தைப் பெருசாக்குங்க லா. முடிஞ்சிச்சு.”

“ஆக்கலாம். குறுக்கே ரெண்டே கட்டம் நிக்கும். ஒண்ணு தீவு, ஒண்ணு பட்டர்வொர்த். ஜெட்டி எங்கேன்னு துரை கேட்டா, உன் வாயில இருக்குன்னு காட்டவா?”

சிக்கந்தர் தன் மேசைக்குத் திரும்பினான்.

ஹபீப் மலையளவு அலையைக் கிழித்துக் கூடையில் போட்டான். புதுத் தாள் எடுத்தான். அரை நிமிடம். இன்னொரு அரை நிமிடம்.

மறுநாள் காலை கப்பல் சங்கு ஊதியது. ஹபீப் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் ஒரு கட்டம் தவறும். சாயங்காலம், தாளில், புயலின் உச்சம் ஜெட்டியை வந்தடைந்தது.

“எவ்ளோ அண்ணே?”

“முழங்கால்.”

“முழங்கால் தண்ணிக்கா கல்யாணத்தை விட்டீங்க?”

ஹபீப் பேனாவை மையில் தோய்த்தான். தண்ணீர் இன்னும் வடிய வேண்டியிருந்தது; அடுத்த அரை நிமிடத்துக்குப் போனான்.