செல்ஃப் எடுக்குமா?

என் இட்லித் தட்டில் ஆறு மாதமாக இட்லி வேகவில்லை. நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு குழி, பதினாறு குழியிலும் ஸ்க்ரூவும் நட்டும் வாஷரும். எந்தக் குழியில் கிடப்பது எந்த இடத்துக்குப் போக வேண்டியது என்பது என் வீட்டுக்காரர் அருளப்பனுக்கு மட்டும்தான் தெரியும். தெரியாமல் யாராவது கை வைத்தால் வீடு ரெண்டுபடும். ஐம்பத்தேழு வயதில் மற்ற ஆண்கள் ஜெபமாலை உருட்டுவார்கள். இவர் மண்ணெண்ணெயில் செயினை ஊறப்போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர் அவர். எண்பத்தொன்றில் ஒரு மெஷினை இடம் மாற்றும்போது அது சரிந்து வலது கால் மேல் விழுந்தது. கணுக்கால் மடங்காது, பாரமும் தாங்காது என்று ஆகிவிட்டது. வேலை போனது. அவருடைய மோட்டார் சைக்கிளும் போனது, ஏனென்றால் அதை வலது காலால் மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்தக் காலில் நின்றுகொண்டு இடது காலால் மிதிக்கவும் வழியில்லை. தெருவில் யாரையாவது மிதிக்கச் சொன்னால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"அடுத்தவன் கால வாங்கித்தான் நான் வண்டி ஓட்டணுமோ?" என்றவர் அதன்பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பவர்களை முறைப்பார். நாளாக ஆகக் கடைக்கும் போவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை. நான் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டும் வேலைக்குப் போய் வந்தேன். சம்பாத்தியம் நின்றதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த மனிதர் வாசற்படியோடு நின்றுபோனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எண்பத்தேழில் ஸ்ரீவில்லிபுத்தூர் சேக் முகைதீன் பாயின் பழைய சாமான் கிடங்கில் இரும்புக் கட்டில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவரை வம்பாக இழுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பின்னால் சாக்கு மூடிய ஏதோ ஒன்று நின்றது. இவர் சாக்கைத் தூக்கினார். பாயின் அண்ணன் இருபது வருடத்துக்கு முன்னால் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஹோண்டா மோட்டார் சைக்கிள். அண்ணன் மௌத்தானதிலிருந்து அங்கேயே நிற்கிறதாம். ஹேண்டிலில் வலது கைப் பக்கம் இருந்த சின்னப் பொத்தானை இவர் கட்டை விரலால் துடைத்தார்.

"ரோசம்மா, இதுல செல்ஃப் இருக்குட்டி" என்றார்.

காருக்கும் லாரிக்கும் செல்ஃப் உண்டு என்று எனக்குத் தெரியும். பொத்தானை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிற மோட்டார் சைக்கிளை எங்கள் பக்கம் நான் பார்த்ததே இல்லை.

"அது அண்ணன் இருக்கையிலேயே வேல செய்யல அண்ணாச்சி. அவியளும் மிதிச்சுத்தான் ஓட்டுனாவ" என்றார் பாய். இவர் காதில் அது ஏறவே இல்லை. கட்டில் வாங்கப் போன நாங்கள் மாட்டு வண்டியில் ஹோண்டாவை ஏற்றிக்கொண்டு வந்தோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் எஞ்சின் மூடியைத் திறந்த அன்று அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டார். "கையக் கழுவிட்டு வா" என்றார். பூசைக்குக் கூப்பிடுகிற குரல். வெளியே அவ்வளவு துருவும் தூசியுமாக இருந்த வண்டிக்குள்ளே ஒரு பொட்டுத் துரு இல்லை. காப்பி டம்ளர் அளவில் இரண்டு பிஸ்டன். சுற்றியிருந்த உலோகம் எண்ணெய்க்குள் பளபளவென்று இருந்தது. யாரும் எட்டிப் பார்க்காத உள்மூலைகளைக்கூட யாரோ அத்தனை வழுவழுப்பாகத் தேய்த்து விட்டிருந்தார்கள்.

"இத எவன் பாக்கப் போறான்னு செஞ்சிருக்கான் பாத்தியா?" என்றார்.

முகம் தெரியாத ஒரு தேசத்தில், பேர் தெரியாத ஒரு மனிதர், மூடி போடப்போகிற இடத்தை இப்படித் தேய்த்திருக்கிறாரே என்று அந்த மூலையை விரலால் தொட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து இட்லித் தட்டைக் கேட்பதை விட்டுவிட்டேன்.

பாட்டரியோடு ஒயரைத் தொட்டுப் பார்த்ததில் செல்ஃப் மோட்டார் மட்டும் வீணாகச் சுற்றியது. எஞ்சின் அசையவில்லை. இரண்டையும் கவ்விப் பிடிக்கிற மூன்று சின்ன உருளைகள் தேய்ந்து போயிருந்தன. அந்த உருளைக்கு இந்த ஊரில் எங்கே போவது? மில்லில் கழித்துப்போட்ட பேரிங்குகளை உடைத்து உள்ளிருக்கும் உருளைகளைச் சேகரித்தார். ஒவ்வொன்றையும் எண்ணெய்க் கல்லில் தேய்ப்பார், அளப்பார், மறுபடி தேய்ப்பார். கடைசியில் மூன்றை என் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உருட்டச் சொன்னார்.

"எது பெருசு?"

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

"தினம் துணி சுருட்டுத கைக்கே தெரியலைன்னா சரிதான்" என்று கொண்டுபோய் மாட்டினார்.

பழையபடி ஆக்கியதோடு அவர் நிற்கவில்லை. கணுக்கால் மடங்காது என்பதால், காலைத் தூக்கி அப்படியே வைத்தால் பிரேக் பிடிக்கும்படி பெடலை அகலமாக அடித்தார். பெரிய ஹெட்லைட் போட்டார். சீட்டையும் அகலமாக்கினார். எனக்காகவாம். அதை நான் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒயரிங்குக்கு நைனா முகமது வந்தார். முப்பது வருடமாகப் பழைய லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கிற கை. அந்த லாரிகளில் பாட்டரியின் பிளஸ் முனையைத்தான் பாடியோடு கட்டுவார்களாம். ஜப்பான் வண்டியில் மைனஸைக் கட்ட வேண்டும். பழக்க தோஷத்தில் நைனா பிளஸ்ஸைக் கட்டிவிட்டார். சீட்டுக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று புகை வந்தது. "யா அல்லா!" என்று பிடுங்கி மாற்றிக் கட்டினார்.

"ஒண்ணும் ஆவல அண்ணாச்சி. இப்ப அமுக்குங்க."

அமுக்கினார். ஒரு விநாடி உறுமியது. அடுத்த விநாடி இரண்டு சிலிண்டரும் சேர்ந்து எடுத்துக்கொண்டன. அதைச் சத்தம் என்று சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவு பதவிசு. எண்ணெய் டப்பாவின் மேல் வைத்திருந்த என் காப்பியில் ஒரு அலை இல்லை. நான் என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். இத்தனை வருடம் சாக்குக்குள் கிடந்தது ஒரு விரல் பட்டு எழுந்து நிற்கிறதே! இவர் அமுக்கி விட்ட பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"காலு வேண்டாம்ட்டி. கட்டை விரலு போதும்" என்று அழுதார்.

மறு ஞாயிற்றுக்கிழமை பாயிடம் காட்ட ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம். பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தார், அம்புட்டுப் பெருமை. இடது பக்கம் மலை கூடவே வந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறேன். வண்டி ஓடுகிற மாதிரியே இல்லை. ரோடுதான் எங்களுக்குக் கீழே நழுவிப் போனது.

பாய் கடை வாசலில் இவர் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பாய் பக்கத்துக் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டார். "பாருங்க, இப்ப ஒரு விரல்ல எடுப்பாவ" என்றார். இவர் சிரித்துக்கொண்டே அமுக்கினார். டிக் என்றது. மறுபடியும் டிக்.

இவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "அன்னைக்கி வந்த புகை" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். பாட்டரிக்குச் சார்ஜ் அனுப்புகிற தகடு அன்றைக்கே கருகிவிட்டது. வந்த வழியெல்லாம் ஹெட்லைட் எரிய எரியப் பாட்டரி தீர்ந்துகொண்டே வந்திருக்கிறது. "செல்ஃபச் சுத்தத் தெம்பு இல்ல. ஸ்பார்க்குக்கு மட்டும் இருக்கு. மிதிச்சா எடுக்கும்."

அதற்குள் நாலு பேர் முன்னால் வந்துவிட்டார்கள். "நான் மிதிக்கேன் அண்ணாச்சி." "தள்ளிவிடுதோம், ஏறி உக்காருங்க."

"ஒருத்தரும் தொடக் கூடாது" என்றார்.

பாய் நல்ல மனதோடுதான் சொன்னார். "கிடங்குலயே நிக்கட்டும் அண்ணாச்சி. நீங்க பஸ்ஸுல போயிட்டு, பொறவு ஆள அனுப்புங்க." இவர் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். இன்று பஸ் ஏறினால் இந்த மனிதர் இனி வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கோபம் வந்தது.

பாய் கையிலிருந்து சாவியை வாங்கி வண்டியில் போட்டேன். செருப்பைக் கழற்றினேன். சேலையை வரிந்து சொருகினேன்.

"ஏங்க!" என்று நடுத்தெருவில் கத்தினேன். "அடுத்தவன் காலுதான் வேண்டாம்னீக. நான் அடுத்தவளா?"

அவர் நின்றார். பிறகு அதே காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து, கிக்கரைத் தன் கையாலேயே வெளியே இழுத்துவிட்டார். தானே செய்ய முடியாததை அவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து நான் கண்டதில்லை.

"ஒதைக்காத. மெதுவா எறக்கு. இறுக்கமா ஒரு இடம் வரும் பாரு, அங்கேருந்து ஒரே அழுத்து."

முதல் தடவை கால் வழுக்கியது. இரண்டாம் தடவை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் தடவை அந்த இறுக்கமான இடத்தை என் பாதம் கண்டுபிடித்தது. மாதாவே என்று முழுப் பாரத்தையும் இறக்கினேன். வண்டி எடுத்துக்கொண்டது. அந்த நடுக்கம் பாதத்தில் ஏறி முழங்கால் வழியாக நெஞ்சுவரை வந்தது. அது கண் விழித்தது என் காலுக்கடியில். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இப்படி ஒன்று வாய்க்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"ஏறுட்டி, போவோம்" என்றார்.

நான் ஏறவில்லை. "அணைங்க. இன்னொரு தரம் மிதிக்கேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.